ஒரே பூட்ஸ், இரண்டு நிறம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "மேடம், எந்தக் கேமரா நல்ல கேமரா?" என்றுதான். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் படப் பிரிவில், தலைமுடி தானாகவே கறுப்பாக இருந்த காலத்தில் நுழைந்தவள் நான். பிறகு சாயம் பூச ஆரம்பித்து, அதற்கும் அலுத்துப்போய், நரையோடு வெளியே வந்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். ஒரு கேமராவோடு இன்னொன்றை ஒப்பிட எங்கள் கம்பெனியில் ஒரு கமிட்டியே உட்கார்ந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

படப் பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சாம்பிள் அறையில் ஒரு மூலை. ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு, ஒரு ஜன்னல், நான். புதிதாகச் செய்கிற ஒவ்வொரு பூட்ஸையும் செருப்பையும் படம் எடுத்து வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா. வாங்கின வருஷம் ஆயுத பூஜையில் அதற்குப் பொட்டு வைத்தார்கள். அந்தக் குங்குமம் ஒரு பட்டன் இடுக்கில் போய் உட்கார்ந்து, வெகு காலம் வெளியே வரவில்லை. கனம் என்றால் அப்படி ஒரு கனம். நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்துவிட்டு சாயங்காலம் குடியாத்தம் போக ரயிலில் உட்கார்ந்தால், தலை தானாகக் குனிந்திருக்கும். எதிர் சீட்டில் இருப்பவர்கள் என்னை அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கேமராவுக்கு ஒரு கெட்ட குணம். எதையும் விடாது. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு, தோலுக்கடியில் ஓடின நரம்பின் தடம், யாரோ பசைக் கையால் தொட்ட இடம், வெட்டாமல் விட்ட நூல் நுனி, எல்லாமே படத்தில் இருக்கும். எக்ஸ்போர்ட் மேனேஜர் ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "இது கேமரா இல்ல கற்பகம். மாமியார்," என்பார்.

அப்போதுதான் சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்து முடித்துவிட்டு வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை. எல்லாரையும் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். உலகத்தில் எல்லாமே தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது என்பது அவர் படித்துக்கொண்டு வந்த பாடம். வந்த வேகத்தில் டீ டம்ளரைச் சின்னதாக்கினார். சாப்பாட்டு இடைவேளையைச் சின்னதாக்கினார். பெட்டிமேல் இருந்த கம்பெனி பெயரைக்கூடச் சின்னதாக்கி இரண்டு எழுத்தில் நிறுத்தினார். அடுத்து அவர் கண் என் கேமராமேல் விழுந்தது.

ஒருநாள் காலையில் என் மேசைமேல் ஒரு வட்ட டப்பாவை வைத்தார். காபி ஃபில்டரின் மேல் பாதியை மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"அக்கா, இதான் இனிமே நம்ம கேமரா," என்றார்.

அந்த நேரம் நசீர் பாய் அங்கே வந்திருந்தார். தோல் பதனிடுகிற எங்கள் டேனரியில் ஃபினிஷிங் பிரிவு அவர் பொறுப்பு. தோலுக்குக் கடைசியாக நிறம் அடிப்பது அவருடைய ஆட்கள்தான். டப்பாவைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"லென்ஸ் மட்டும்தான கீது. மீதி கேமரா எங்க சார்?"

"மீதி வேணாம் பாய். இத போன்ல மாட்டிக்கணும். கண்ணு இது, மூளை போன். படம் காத்துலயே போன்ல வந்து உக்காரும்."

"அப்ப உடம்பு?"

"அதான் நாம இருக்கோம்ல," என்றார் சின்ன முதலாளி.

நான் அதை வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். முதல் நாளே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கழுத்துவலி இல்லை. போனிலிருந்து கழற்றித் தனியாகக் கையில் பிடிக்கலாம். பூட்ஸுக்குள் விட்டு உள் தையலை எடுக்கலாம், மேசைக்குக் கீழே நீட்டி அடிப்பக்கத்தை எடுக்கலாம். டிஎஸ்எல்ஆரில் அதற்கு நான் தரையில் படுக்க வேண்டும், படுத்திருக்கிறேன். குறை என்றால், கண் பார்த்தது மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். நாம் பூட்ஸை நகர்த்தி வைத்து முடித்த பிறகு போனில் பூட்ஸ் நகரும். அப்புறம் லென்ஸைப் போனில் பிடித்து வைக்கிற அந்தக் கொக்கி. ஒருமுறை அது நழுவி, லென்ஸ் ஒரு உயரமான பூட்ஸுக்குள் விழுந்துவிட்டது. எந்தப் பூட்ஸ் என்று தெரியவில்லை. போனைப் பார்த்தால் ஒரே இருட்டு, நடுவில் சைஸ் எழுதின லேபிள் மட்டும் தெரிகிறது. "கிடைச்சிடுச்சு!" என்று சின்ன முதலாளி துள்ளினார். சாம்பிள் பூட்ஸ் எல்லாமே அந்த ஒரே சைஸ் என்று நான்தான் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தோம்.

எந்தக் கேமரா என்று முடிவு செய்யக் கமிட்டி கூடியது. சின்ன முதலாளி, எக்ஸ்போர்ட் மேனேஜர், சம்பளம் போடுகிறவர், கேமரா என்றால் என்னவென்று ஓரளவு தெரிந்த நான். பழுப்பு நிறத்தில் ஒரு பெண்கள் பூட்ஸ். நசீர் பாய் ஆட்கள் அடித்த நிறம். வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி அழகாக இருந்தது. அதை இரண்டு கேமராவிலும் எடுத்தேன்.

டிஎஸ்எல்ஆர் படத்தில் பூட்ஸ் இருந்தது. கணுக்கால் பக்கம் ஒரு சின்ன நரம்புத் தடமும் இருந்தது.

லென்ஸ் கேமரா படத்தில் நரம்பு இல்லை, தழும்பு இல்லை. அந்த மாடு ஒரு நாள்கூட வெயிலில் நின்றதில்லை என்று சத்தியம் செய்யலாம்போல் தோல் வழவழவென்று இருந்தது. நிறம் மட்டும் பழுப்பாக இல்லை. மருதாணி வைத்த கை மறுநாள் காலையில் இருக்குமே, அப்படி ஒரு சிவப்பு.

"சார், சிவப்பு ஜாஸ்தியா இருக்குது," என்றேன்.

"அது சிவப்பு இல்லக்கா. லைஃப்," என்றார் சின்ன முதலாளி.

சம்பளம் போடுகிறவர், "எனக்கு ரெண்டுமே பூட்ஸ் மாதிரிதான் சார் தெரியுது," என்றார். அன்றைக்கு அங்கே பேசப்பட்டதில் அதுதான் நேர்மையான கருத்து. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மேனேஜர் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பழைய கேமரா குத்தம் பாக்குது, புதுசு குணம் பாக்குது. ரெண்டும் நமக்கு வேணும் சார். விற்பனைக்குப் புதுசு. உள்ளுக்குள்ள க்வாலிட்டி செக் பண்றதுக்குப் பழசு. அந்தப் படம் மட்டும் வெளியே போகக் கூடாது."

இப்படியாக, காலையில் நான் ஒரு பூட்ஸை மணப்பெண்ணாக எடுத்தேன். மத்தியானம் அதே பூட்ஸைப் பிரேதப் பரிசோதனைக்கு எடுத்தேன். சம்பளம் ஒன்றுதான்.

அந்தப் பழுப்புப் பூட்ஸின் படம் கடல் கடந்து போனது. வாங்குகிற கம்பெனிக்குச் சாம்பிள் கூரியரில் வந்து சேரும்வரை பொறுமை இல்லை. சீசன் நெருங்கிவிட்டது. படத்தைப் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டார்கள். பெரிய ஆர்டர். தையல் பிரிவில் அத்தனை பெண்களும் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் கம்பெனி பஸ் கூடுதலாக ஒரு நடை ஓடியது. பூட்ஸ்கள் பெட்டிக்குள் போய் அடுக்கி நின்றன.

அனுப்புவதற்கு முன்னால் சரிபார்க்க, வாங்குகிற கம்பெனியின் பிரதிநிதி சென்னையிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். குரல் மெல்லியதாக இருக்கிற அதிகாரியிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர்களுக்குக் கத்த வேண்டிய அவசியம் இல்லை என்று அர்த்தம். வந்ததும் மேனேஜர் அவரைப் பிரியாணி சாப்பிட அழைத்துப்போனார். எங்கள் ஊரில் அதை வரவேற்பு என்பார்கள், ஆனால் அதில் பாதி தற்காப்பு. வயிறு நிறைந்தவன் குறை காண்பது கம்மி என்பது மேனேஜரின் கணக்கு.

கணக்குத் தப்பிவிட்டது. பிரதிநிதி சாம்பிள் அறையில் ஒரு பெட்டியைத் திறந்தார். பூட்ஸை எடுத்தார். தன் பையிலிருந்து அச்சடித்த போஸ்டர் ஒன்றை விரித்துப் பக்கத்தில் வைத்தார். போஸ்டரில் நான் எடுத்த படம், மருதாணிச் சிவப்பில். பக்கத்தில் காப்பிக்கொட்டைப் பழுப்பில் பூட்ஸ்.

"இது அது இல்லையே," என்றார், அதே மெல்லிய குரலில்.

மேனேஜர் முகத்தில் வேர்வை வந்தது. ஆனால் பழகிய மனுஷன். எந்த வேர்வையையும் அடுத்தவன் நெற்றிக்கு மாற்றிவிடுவார்.

"ஃபினிஷிங்ல தப்பு நடந்திருக்கு சார். ஷேடு மாத்தி அடிச்சிட்டாங்க. நசீர் பாயைக் கூப்பிடுங்க."

நசீர் பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டார். போஸ்டரைப் பார்த்தார். "சார், எங்கிட்ட குடுத்த தோல் துண்டு இந்த பிரவுன்தான. அதப் பாத்துதான் அடிச்சோம்."

மேனேஜர் அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துவந்தார். என் மேசை அந்த ஓரத்தில்தான் இருந்தது. அதனால் காதில் விழுந்தது.

"பாய், சும்மா ஃபார்மாலிட்டிதான். தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கோங்க. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. பேச்சு அடங்கினதும் கூப்ட்டுக்கிறோம்."

"எத்தினியோ பேரக் கொஞ்ச நாள் வீட்ல இருன்னு அனுப்பிச்சீங்க சார். திரும்பி வந்தவன் ஒருத்தனக் காட்டுங்க," என்றார் நசீர் பாய்.

மேனேஜர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கற்பகம், அந்த க்வாலிட்டி படம் எதுவும் வெளியே வரக் கூடாது. புரியுதா?"

நசீர் பாய் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். என் கம்ப்யூட்டரில், கமிட்டி கூடின அதே நாளில் டிஎஸ்எல்ஆரில் எடுத்த பழுப்புப் படம் இருக்கிறது. அதைத் திறந்து காட்டினால் நசீர் பாய் தப்பிப்பார். ஆனால் நிஜ நிறம் தெரிந்துகொண்டே வேறு நிறத்தை அனுப்பினோம் என்று ஆகும். ஆர்டர் போகும். தையல் பிரிவில் அத்தனை பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். காட்டாவிட்டால் ஒரு மனுஷன் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு போவார். டிஎஸ்எல்ஆரின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சண்டை நடக்கும்போது பழைய படத்தை வெளியே எடுத்தால் அது குற்றச்சாட்டு. புதிதாக ஒரு படம் எடுத்தால் அது வெறும் படம்.

"சார்," என்றேன் பிரதிநிதியிடம். "அந்தப் படம் எடுத்தவ நான்தான். எந்தக் கேமராவுல எடுத்தேனோ அதுலயே இப்ப உங்க முன்னாலயே எடுத்துக் காட்டட்டுமா? பக்கத்துல இன்னொரு கேமராவும் இருக்குது. ரெண்டுலயும் எடுக்கலாம். எது எப்படி காட்டுதுன்னு நீங்களே பாருங்க."

"வேணாம் வேணாம், சாருக்கு டைம் ஆகுது," என்று மேனேஜர் குறுக்கே வந்தார்.

அவரைத் தடுத்தது யார் தெரியுமா? சின்ன முதலாளி. தன் கேமராவை வெளியூர்க்காரர் ஒருவரிடம் காட்டுவதற்கு இப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு அதுவரை வாய்க்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "எடுங்கக்கா! சார், இத நீங்க பாத்தே ஆகணும். உடம்பே இல்லாத கேமரா!" மேனேஜர் கண்ணால் என்னென்னமோ சைகை காட்டினார். சின்ன முதலாளி அதைப் பார்த்து, "கண்ணுல தூசியா சார்? தண்ணி ஊத்திக் கழுவுங்க," என்றார்.

பிரதிநிதி பூட்ஸைக் கையில் பிடித்தபடி ஜன்னலருகே நின்றார். லென்ஸைச் சின்ன முதலாளியின் போனில் மாட்டினேன். போனில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கண் மூளையைத் தேடிக்கொண்டிருந்தது. சுற்றியது, சுற்றியது. சின்ன முதலாளி போனை உயரத் தூக்கினார். ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "கனெக்ட் ஆய்டும், ஆய்டும்," என்றார். மேனேஜர் உதடு அசைந்துகொண்டிருந்தது; ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நடுவில் போனில் 'சாப்ட்டியா கண்ணா' என்று சின்ன முதலாளி அம்மாவின் செய்தி வந்து எல்லாருக்கும் தெரிந்தது. பிரதிநிதி பூட்ஸை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசியில் சேர்ந்தது. எடுத்தேன். பிறகு டிஎஸ்எல்ஆரில் ஒன்று எடுத்தேன். கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

லென்ஸ் கேமரா படத்தில் பூட்ஸ் மருதாணிச் சிவப்பு. போஸ்டரில் இருந்த அதே சிவப்பு. பிரதிநிதி குனிந்து பார்த்தார்.

"என் சட்டை ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?" என்றார்.

எல்லாரும் அவர் சட்டையைப் பார்த்தோம். வெள்ளைதான். அடுத்த படத்துக்குப் போனார். டிஎஸ்எல்ஆரில் பூட்ஸ் பழுப்பு, சட்டை வெள்ளை. சட்டையின் மூன்றாவது பொத்தானுக்குக் கீழே, பிரியாணிக்குத் தொட்டுக்கொண்ட கத்தரிக்காய்த் தொக்கு ஒரு சொட்டு. அதுவரை அவருக்கே தெரியாது. லென்ஸ் கேமரா அதை நாகரிகமாகத் துடைத்துவிட்டிருந்தது.

பிரதிநிதி கர்சீப்பை எடுத்தார். சொட்டைத் துடைத்தார். போகவில்லை. நசீர் பாயைப் பார்த்து, "உங்க பேர்ல தப்பு இல்ல பாய்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நசீர் பாய் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். முதலாளி முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இங்கே கதை முடிந்தால் நான் உங்களுக்கு நேர்மையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போகலாம். கதை முடியவில்லை. பிரதிநிதி வெளியே போய் வெளிநாட்டுக்குப் போன் போட்டார். வெகுநேரம் பேசினார். நாங்கள் கண்ணாடி வழியாக அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"படம்தான் தப்பு, பூட்ஸ் சரின்னு எல்லாத்தையும் சொன்னேன். அவங்களுக்குப் பூட்ஸ் வேணாமாம். கடை கடையா போஸ்டர் ஒட்டியாச்சாம், ஜனங்க அந்தச் சிவப்பைக் கேக்கறாங்களாம். படத்துல இருக்கிற மாதிரி பூட்ஸ் வேணுமாம்."

மேனேஜர் பிழைத்துக்கொண்டார். "பண்ணிடலாம் சார்! நம்ம பாய் இருக்காரு!" கொஞ்ச நேரம் முன்பு வீட்டுக்கு அனுப்பவிருந்த அதே பாய்.

அந்த நிறம் உலகத்தில் எந்தத் தோலிலும் கிடையாது. சின்ன முதலாளியின் போனில் மட்டும்தான் உண்டு. "எதப் பாத்து சார் அடிக்கறது?" என்று நசீர் பாய் கேட்டார். "உங்க போன்ல ஒரு சிவப்பு, மேனேஜர் போன்ல ஒரு சிவப்பு, என் போன்ல பாத்தா செங்கல்." அதனால் சின்ன முதலாளியின் போனே ஃபினிஷிங் பிரிவுக்குப் போனது. சாயம் தெறிக்காமல் பிளாஸ்டிக் உறை போட்டு, ஸ்ப்ரே அடிக்கிற இடத்தில் கண் மட்டத்தில் தொங்கவிட்டார்கள். ஒரு கம்பெனியின் வாரிசு போன் இல்லாமல் கைகளை வீசிக்கொண்டு நடந்தார். அவர் அம்மா கூப்பிட்டால் நசீர் பாய்தான் எடுத்தார். "சாப்ட்டாரும்மா, நல்லா சாப்ட்டாரு," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். ஒருநாள் போனில் சார்ஜ் குறைந்து திரை மங்கிவிட்டது. அதைப் பார்த்து அடித்த பூட்ஸ்கள் மட்டும் ஒரு மாற்று இருட்டாக வந்தன. "பேஜார் புடிச்ச வேலைம்மா இது," என்றார் நசீர் பாய் என்னிடம். "தோலுக்குச் சாயம் அடிச்சிருக்கேன். சார்ஜுக்குச் சாயம் அடிச்சதில்ல."

எப்படியோ அடித்தார்கள். பூட்ஸ் போனது. விற்றது. திரும்பவும் கேட்டார்கள். கம்பெனி ஆண்டு விழாவில் 'புதிய வண்ணம் கண்டறிந்தமைக்காக' என்று எழுதி, சின்ன முதலாளிக்கு ஷீல்டு கொடுத்தார்கள். கொடுத்தது அவர் அப்பா. நசீர் பாய் நன்றாகவே கைதட்டினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"உங்களுக்குக் கோவமே வராதா பாய்?" என்றேன்.

"வேலை எங்கிட்ட கீது, ஷீல்டு அவர்கிட்ட கீது. மாத்திக் குடுத்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு நீ கேமராவத் தூக்கலன்னா இந்த ஃபங்ஷனுக்கு எவன் என்னைக் கூப்ட்டிருப்பான்," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அடுத்த சீசன் வந்தது. சின்ன முதலாளி என் மேசைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். முகத்தில் கவலை.

"அக்கா, வெளிநாட்டு பையர் இந்த வருஷமும் புதுசா ஒரு கலர் கேக்கறாங்க. அந்த மாதிரி இன்னொரு தப்பு எடுத்துக் குடுங்களேன்."

லென்ஸை எடுத்துப் போனில் மாட்டிப் பார்த்தேன். அவர் புது போன் வாங்கியிருந்தார். புது போனுக்கு இந்தக் கண்ணை அடையாளமே தெரியவில்லை. வட்டம்கூடச் சுற்றவில்லை. அவர் பார்வை மெதுவாக டிஎஸ்எல்ஆர் பக்கம் போனது.

"அதுல வருமா?"

"வராது சார். அது இருக்கிறத அப்டியேதான் எடுக்கும்."

அதைக் கையில் எடுத்தார். கனத்தைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பி அத்தனை பட்டனையும் பார்த்தார். பிறகு நிஜமான வருத்தத்தோடு என்னைக் கேட்டார்:

"இவ்ளோ பெரிய கேமரா. ஒரு தப்பு பண்ணக்கூடவா இதுக்குத் தெரியல?"